மடக்குக் கத்தி, துப்பாக்கி பராமரிப்பு: கடலோரம் இருப்பவர்கள் எந்த எண்ணெய் போடுகிறீர்கள்?

திருவொற்றியூர்_அலை | பதிவு 1

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீடு வடசென்னையில், எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், அலைச் சத்தம் கேட்கும் தூரம். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட் தாழ்ப்பாள் எதையும் உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை. என்னிடம் இருப்பவை: கார்பன் எஃகு அலகு போட்ட ஒப்பினெல் 8-ஆம் நம்பர் மடக்குக் கத்தி, ஒரு விக்டோரினாக்ஸ், ஸ்பிரிங் வகை .177 காற்றுத் துப்பாக்கி. இது போக, அப்பா பேரில் லைசென்ஸ் உள்ள 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. அதைச் சுத்தம் செய்வது அப்பாதான், நான் கூடமாட உதவுவேன்.

செம்புதாஸ் தெருவில் ஒரு கடையில் டபிள்யூடி-40 போதும் என்றார்கள். அடுத்த கடையில் தையல் மெஷின் எண்ணெய். அம்மா தேங்காய் எண்ணெய் என்கிறார். இணையத்தில் துப்பாக்கி எண்ணெய் என்று விரல் அளவு புட்டியை யானை விலைக்கு விற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் உண்டா? ஐப்பசி மழைக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும்.

பெரம்பூர்_லேத் | பதிவு 2

தம்பி, ஒரே எண்ணெய் என்று தேடினால் எதுவுமே சரியாக அமையாது. எண்ணெயிடம் நாம் மூன்று வேலைகள் கேட்கிறோம். உரசும் இடத்தில் தேய்மானத்தைக் குறைக்க வேண்டும். காற்றும் ஈரமும் எஃகைத் தொடாமல் தடுக்க வேண்டும். ஏறிய அழுக்கைக் கரைத்து எடுக்க வேண்டும். அழுக்கைக் கரைக்க மெல்லிசான திரவம் வேண்டும். துருவைத் தடுக்க ஒட்டிக்கொண்டு நிற்கிற கனம் வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசை.

டபிள்யூடி-40 மோசமான சரக்கு இல்லை, அதைத் தவறான வேலைக்கு வைக்கிறோம், அவ்வளவுதான். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், அட்லஸ் ராக்கெட்டின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது. ஈரத்தை விரட்டுவதற்கான நாற்பதாவது முயற்சி என்பதுதான் அந்தப் பெயரே. அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான். மிச்சம் நிற்கிற படலம் ரொம்ப மெல்லிசு. மழையில் நனைந்த கத்தியைக் காயவைக்க, இறுகிப்போன மூட்டைக் கழுவ அருமையான பொருள். அதை அடித்துவிட்டு மூன்று மாதம் பீரோவில் வைத்தால், திருவொற்றியூரில் அந்த மூன்று மாதத்தைத் துருதான் அனுபவிக்கும்.

மடக்குக் கத்திக்கு என் கை முதலில் போவது தையல் மெஷின் எண்ணெய்க்குத்தான். வெள்ளை மினரல் ஆயில், மணம் இல்லை, பிசினாகாது, மூட்டுக்குள் தானாக ஊர்ந்து போகும். மூட்டு ஆணியின் இரண்டு பக்கமும் குண்டூசி முனையில் நிற்கிற அளவு ஒரு சொட்டு. பிறகு நிதானமாகத் திறந்து மூடிக்கொண்டே இருங்கள். முதலில் கறுப்பாக ஒரு சாறு விளிம்பில் கசியும். எஃகுத்தூளும் பழைய எண்ணெயும் பாக்கெட் பஞ்சும் சேர்ந்த சாறு அது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஒரு சொட்டு. கசிவது தெளிவாக வரும்வரை இதேதான். கடைசியில் வெளியே தெரிகிற எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது தூசி பிடிக்கும். லைனர் லாக் கத்தியாக இருந்தால், பூட்டுத் தகடு அலகில் போய் முட்டுகிற முகத்தில் எண்ணெய் படவே கூடாது. அந்த இடம் வழுக்கினால் கத்தி உங்கள் விரல்மேல் மூடிக்கொள்ளும்.

காசிமேடு_லாஞ்ச் | பதிவு 3

லேத் அண்ணன் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. அதுதான் எங்களுக்கு முதல் விஷயம். எண்ணெய் உப்பைக் கரைக்காது. உப்பு படிந்த கத்திமேல் எவ்வளவு உசத்தியான எண்ணெய் பூசினாலும், உப்பை உள்ளே வைத்துப் பூட்டின கதைதான். அடியில் அது பாட்டுக்கு வேலையைக் காட்டும்.

துறைமுகத்தில் மீன் வெட்டுகிற அம்மாக்களின் அரிவாள்மணையைப் பாருங்கள். ஒருவரும் எண்ணெய் போட மாட்டார்கள், அலகு பளபளவென்று இருக்கும். நாள் பூரா வேலை, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் நிறுத்திவிடுவார்கள். துரு பிடிக்க நேரம் எங்கே? துரு வருவது சும்மா கிடக்கும்போது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகில் கிடக்கிற வலை வெட்டும் கத்தி, ஸ்பானர், கட்டிங் பிளேயர் எல்லாம் அப்போதுதான் வீணாகும். அதனால் தடைக்காலம் தொடங்குகிற வாரத்தில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுக் கழுவி, காயவைத்து, அதற்கப்புறம்தான் தேங்காய் எண்ணெயோ கிரீஸோ.

கழுவி ஆறவிட்டு அலகை நாக்கால் தொட்டுப் பார்க்கிற பெரியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கரித்தால் திரும்பத் தண்ணீருக்கே போகும்.

மணலி_ஷிப்ட் | பதிவு 4

லாஞ்ச் அண்ணே, நீங்கள் சொன்னதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நம் பக்கம் காற்று அவ்வளவு வறண்டுபோகிற நாளே இல்லை என்று சொல்லலாம். ஆக, கடல் உப்பு ஒட்டிய எஃகு கண்ணுக்குக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அதன்மேல் எப்போதும் ஒரு ஈரப் படலம் இருக்கும். ஸ்டெயின்லெஸ் என்றாலும் இதே கதைதான். குளோரைடு அதன் குரோமியம் ஆக்சைடு படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். விக்டோரினாக்ஸ் ஸ்பிரிங் இடுக்கில் சின்னச் சின்னப் பழுப்புக் குழிகள் வருவது இப்படித்தான்.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். தாவர எண்ணெய்களை மூன்றாகப் பிரிப்பார்கள். ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகித் தோலாகிவிடும். கத்தியின் மரப்பிடிக்கு அது ரொம்ப நல்லது, மூட்டுக்குள் போனால் கோந்து. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் அரைகுறையாக இறுகும், சில மாதத்தில் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் இறுகாத வகை, அதனால் அம்மா சொன்னது மூவரில் நல்லவரைத்தான். ஆனால் நாளாக நாளாகச் சிக்குவாடை வருகிறதே, அது கொழுப்பு அமிலம் பிரிகிற அடையாளம். அமிலம் எஃகுக்கு ஆகாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையவும் செய்யும். மார்கழி விடியலில் கத்தி கனமாகத் திறப்பதை நீங்களே பார்க்கலாம்.

ஜப்பானில் வாளுக்கும் தச்சுக் கருவிக்கும் பூசுகிற கமேலியா எண்ணெயும் இறுகாத வகைதான். அவர்கள் அதை அடிக்கடி துடைத்துப் புதிதாகப் பூசுகிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் எண்ணெயை மட்டும் வாங்கினால் பலன் இல்லை.

பழம், ரொட்டி வெட்டுகிற கத்தி என்றால் என் பரிந்துரை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற அதே மருந்து. நிறம், மணம், சுவை இல்லாத சுத்திகரித்த மினரல் ஆயில். பிசினாகாது, கெட்டுப்போகாது. தையல் மெஷின் எண்ணெயும் இதன் உறவுதான், ஆனால் வாயில் போகிற தரத்தில் தயாரித்ததில்லை. சாப்பாட்டைத் தொடுகிற அலகில் அதைப் பூச நான் சம்மதிக்க மாட்டேன்.

காசிமேடு_லாஞ்ச் | பதிவு 5

தம்பி, அமிலம் சிக்குவாடை எல்லாம் சரி. ஆனால் நடுக்கடலில் மெடிக்கல் ஷாப் கிடையாது. சமையலுக்கு ஏற்றிய தேங்காய் எண்ணெய் எப்போதும் கைக்கெட்டும். தினம் கழுவி தினம் பூசுகிறவனுக்கு எண்ணெய் சிக்குவதற்கு நேரமே இல்லை. மாதக்கணக்கில் வைக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். தினசரிக்கு அதைக் குறை சொன்னால் ஒத்துக்க மாட்டேன்.

மணலி_ஷிப்ட் | பதிவு 6

தினசரிக்கு நானும் குறை சொல்லவில்லை அண்ணே. அலகுக்குப் பூசுங்கள், மூட்டுக்குள் விடாதீர்கள். மூட்டுக்குள் போனதைத் தினம் துடைக்க முடியாது இல்லையா.

பழைய_ஹவில்தார் | பதிவு 7

துப்பாக்கி பக்கம் யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

முதல் பாடம், துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் மடித்துத் திறந்து இரண்டு குழலும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். சுத்தம் செய்கிற மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. மெல்லிய ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் பிரைமருக்குள் (மருந்தைப் பற்றவைக்கிற அடிப்பகுதி) இறங்கினால் அது வெடிக்காமல் போகலாம், தாமதமாகவும் வெடிக்கலாம். இதில் சமரசமே கிடையாது.

காசிமேட்டுத் தம்பி சொன்ன உப்பு விஷயம் பட்டாளத்தில் எங்களுக்கு வேறு வழியில் தெரியும். பழைய .303 ரைஃபிள் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலில் படியும். அதுவும் ஓர் உப்புதான். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் போகாது, காலையில் பார்த்தால் குழல் சிவந்திருக்கும். அதனால் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிக்கிற தண்ணீர் விடுவார்கள். உப்பு கரைந்து போய்விடும், சூட்டில் குழலும் தானே காய்ந்துவிடும். அதற்கப்புறம் புல்த்ரூவில் (குழலுக்குள் துணியை இழுக்கிற கயிறு) ஃபிளானலெட் துணி, கடைசியில்தான் எண்ணெய். இன்றைய 12 போர் தோட்டாக்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடல் காற்று பட்ட துப்பாக்கிக்கு அந்த வரிசை அப்படியே பொருந்தும். வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடை, காய்ந்த துணியால் துடை, ஆறவிடு, பிறகு எண்ணெய். கரைப்பானும் எண்ணெயும் வேறு வேறு என்பதையும் மனதில் வையுங்கள். 1903-லிருந்து வருகிற ஹாப்பீஸ் 9 மாதிரியான சரக்கு குழல் கசடைக் கரைக்கத்தான். அதை அப்படியே விட்டுவிட்டுப் பூட்டி வைக்கக் கூடாது.

இரட்டைக் குழலில் எங்கே என்ன? மடிகிற கீல் ஆணிக்கும், குழல் உட்காரும் வளைவுக்கும் கிரீஸ், அரிசி அளவு போதும். அங்கே அழுத்தம் அதிகம், மெல்லிய எண்ணெய் நிற்காது. சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே தள்ளுகிற எஜெக்டருக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். ட்ரிகர் பகுதிக்குள் வெளியிலிருந்து பீய்ச்சி அடிக்காதீர்கள். உள்ளே போனது வெளியே வராது, தூசியோடு குழம்பாகிவிடும். அதைக் கழற்றத் தெரிந்த கைதான் தொட வேண்டும்.

எல்லோரும் செய்கிற ஒன்று, எண்ணெயை ஊற்றிவிட்டுக் குழல் மேலே பார்த்த மாதிரி நிமிர்த்தி வைப்பது. எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கிக் கட்டையின் கழுத்துக்குள் ஊறும். மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். சுடும்போது அதிர்ச்சி வாங்குவது அந்த இடம்தான், அங்கேதான் விரிசல் விடும். எண்ணெய் போட்ட துப்பாக்கியைச் சில நாள் வாய் கீழே பார்த்த மாதிரி, அடியில் துணி போட்டு நிறுத்துங்கள். அப்புறம் துடைத்து வையுங்கள்.

சுடுவதற்கு முன் குழலைக் காய்ந்த துணியால் கட்டாயம் துடைக்க வேண்டும். குழலில் எண்ணெய் தேங்கியிருக்க சுடக் கூடாது.

திருவொற்றியூர்_அலை | பதிவு 8

ஐயா, நன்றி. இன்னொரு சந்தேகம். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். திரும்ப வர மாதங்கள் ஆகிவிடுகிறது. அங்கே யாரும் துடைக்கப் போவதில்லை. அதற்கு என்ன பூசிக் கொடுப்பது?

பழைய_ஹவில்தார் | பதிவு 9

நல்ல கேள்வி. அங்கேதான் மெல்லிய எண்ணெய் கைவிடும். குழலைச் சுத்தம் செய்து காயவைத்தபின், உள்ளே கனமான எண்ணெயைத் துணியில் தோய்த்து ஒரே சீராக இழுங்கள். வெளி உலோகத்துக்கு வாசலைனைக் கையுறை போட்டுக்கொண்டு மெல்லியதாகத் தடவுங்கள். வெறும் விரலில் தடவினால் உங்கள் வியர்வை உப்பையும் சேர்த்துப் பூசுகிறீர்கள். நீலப் பூச்சுக் குழலில் விரல்ரேகை வடிவத்திலேயே துரு எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நுரைப் பஞ்சு வைத்த பையிலோ தோல் உறையிலோ போட்டுக் கொடுக்காதீர்கள். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோலில் பதனிட்ட உப்பும் அமிலமும் மிச்சமிருக்கும். கத்திக்கும் இதே விதி, தோல் உறை இடுப்பில் மாட்டத்தான், பீரோவில் வைக்க இல்லை. காற்றுப் போகிற பருத்தித் துணியில் சுற்றி, ‘குழலில் எண்ணெய் உள்ளது, துடைக்காமல் சுடாதே’ என்று அட்டை கட்டிக் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கியின் வரிசை எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள்.

வியாசர்பாடி_அத்தோ | பதிவு 10

இழையைப் படித்துவிட்டு ஒரு பழைய செய்தி சொல்லத் தோன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பட்டாளம் துப்பாக்கிக் குழலுக்குப் பூசியதன் பெயரே ரங்கூன் எண்ணெய். பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரைக் கிணறுகளில் எடுத்த கனிம எண்ணெயிலிருந்து வந்தது. பன்றிக் கொழுப்பும் தாவர எண்ணெயும் பூசிக்கொண்டிருந்த காலத்தில், பிசினாகாமல் நிற்கிற எண்ணெய் என்று அதற்குத் தனி மதிப்பு. ரங்கூனிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த எங்கள் ஏரியாவில்கூட இது பலருக்குத் தெரியாது. இன்றைக்கு மணலி ஆலையில், 1969-லிருந்து, நம் பக்கத்திலேயே லூப் பேஸ் ஆயில் (மசகு எண்ணெய்களுக்கான மூல எண்ணெய்) எடுக்கிறார்கள். எண்ணெய் ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு இறக்குமதிப் புட்டிக்கு ஏங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பெரம்பூர்_லேத் | பதிவு 11

அருமையான தகவல் தலைவரே. ஆனால் ஊர் எண்ணெய் என்று எதையும் எடுத்துவிட வேண்டாம். வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலைக் கத்திக்கும் அரிவாளுக்கும் பூசுகிற பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அதில் அமிலம், உலோகத்தூள், தோலுக்குக் கேடான எரிகசடு எல்லாம் உண்டு. தொடவே கூடாது. புது இன்ஜின் ஆயில் துப்பாக்கியின் உரசும் இடத்துக்கு ஒத்துவரும், சாப்பாட்டுக் கத்திக்கு ஆகாது. பிரேக் ஆயில் என்பது எண்ணெயே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மரப்பிடியின் வார்னிஷையும் தின்றுவிடும்.

நைனியப்ப நாயக்கன் தெருவில் எண்ணெயைச் சில்லறையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை. நன்றாகத் தேய்த்துக் கழுவிய இரும்புத் தகட்டுத் துண்டுகளில் ஒவ்வோர் எண்ணெயைப் பூசி, பெயர் எழுதி, மொட்டை மாடியில் மழை நேராகப் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். ஒன்றில் எதுவும் பூசாமல் விடுங்கள். நான் செய்து பார்த்ததில், பூசாத தகடுக்கு அடுத்துச் சிவந்தது டபிள்யூடி-40 தகடு. தையல் மெஷின் எண்ணெய் அதைவிடத் தாங்கியது, ஆனால் விளிம்புகளில் புள்ளி வந்தது. நல்லெண்ணெய்த் தகடு துரு குறைவு, தொட்டால் விரல் ஒட்டியது. வாசலைன் பூசியது கடைசிவரை நின்றது. உங்கள் வீட்டுக் காற்று வேறு, நீங்களே செய்து பாருங்கள்.

பத்து_மீட்டர் | பதிவு 12

காற்றுத் துப்பாக்கியை யாரும் தொடவில்லையே! அலை ப்ரோ, அதை மற்றதோடு சேர்த்து எண்ணாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் காற்றை நொடிக்குள் நசுக்குகிறது, காற்று பயங்கரமாகச் சூடாகிறது. காற்று நசுங்கும் அந்த அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் இருந்தால், டீசல் இன்ஜினில் நடக்கிறதுதான் அங்கேயும் நடக்கும், தீப்பிடித்து வெடிக்கும். ‘டப்’ என்று பெரிய சத்தமும் குழல் வாயில் புகையும் வருவதைச் சிலர் பவர் கூடிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். பிஸ்டன் சீல் கருகி, ஸ்பிரிங் ஒடிகிற வழி அது.

அந்த அறைக்குச் சிலிக்கான் எண்ணெய் மட்டும்தான், அதுவும் எப்போதாவது ஒரு சொட்டு. அதே சிலிக்கானை ஸ்பிரிங்குக்கும் கீலுக்கும் போடாதீர்கள். எஃகும் எஃகும் அழுத்தி உரசுகிற இடத்தில் அது தாங்காது, அங்கே மாலிப்டினம் கிரீஸ். குழலின் வெளிப்பக்கத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு துடை.

இருபது ஜூலுக்கு உட்பட்ட .177 என்பதால் லைசென்ஸ் வேண்டாம் என்கிற ஒரே காரணத்துக்காக இதைப் பொம்மை மாதிரி நடத்துகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் போட்டி நடப்பது இந்த .177-இல்தான்.

கொருக்குப்பேட்டை_பூட்டு | பதிவு 13

பென்சில் கரியைப் பூட்டுக்குப் போடுகிறோமே, கத்தி மூட்டுக்கும் போடலாமா? எண்ணெயே வேண்டாம், தூசியும் ஒட்டாது.

மணலி_ஷிப்ட் | பதிவு 14

பித்தளைப் பூட்டுக்குச் சரி. கத்திக்குக் கடற்கரையில் வேண்டாம். கிராஃபைட் மின்சாரம் கடத்தும். அலுமினியப் பிடியோ எஃகோ பக்கத்தில் இருந்து, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து உலோகத்தை அரிக்கும். பென்சிலில் களிமண்ணும் கலந்திருக்கிறது. தூசி ஒட்டாமல் இருப்பதுதான் முக்கியம் என்றால், காய்ந்து படலமாகிற டெஃப்லான் வகை வாங்குங்கள்.

பத்து_மீட்டர் | பதிவு 15

என்னிடம் பிசிபி வகையும் (முன்பே அடைத்துவைத்த உயரழுத்தக் காற்றில் சுடுகிற காற்றுத் துப்பாக்கி) இருக்கிறது. அதில் உயரழுத்தக் காற்று நிற்கிற சிலிண்டர், பம்ப் இணைப்பு, காற்றுக் கசியாமல் அடைக்கிற ஓ-ரிங் எதிலும் பெட்ரோலிய எண்ணெய் வாசனைகூடப் படக் கூடாது. அழுத்தம் அங்கே 200 பாருக்குப் பக்கம் போகும், வெடித்தால் கை போய்விடும். சிலிக்கான் கிரீஸ் மட்டும். இதைப் படிக்கிற புதியவர்களுக்காகத் தனியாகவே எழுதுகிறேன்.

திருவொற்றியூர்_அலை | பதிவு 16

எல்லோருக்கும் நன்றி. லிக்விட் பாரஃபின், தையல் மெஷின் எண்ணெய், சிலிக்கான், வாசலைன், நான்கும் சேர்த்தே அந்த இறக்குமதிப் புட்டி விலை வரவில்லை. விக்டோரினாக்ஸை வெதுவெதுப்பான தண்ணீருக்குள் வைத்துத் திறந்து மூடினேன், தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. இப்போது சத்தமில்லாமல் திறக்கிறது.

ஒப்பினெல் மட்டும் பிடிவாதம். மழை நாளில் நகம் வைத்து இழுத்தாலும் அலகு வெளியே வருவதில்லை. எண்ணெய் விட்டும் பலன் இல்லை.

பெரம்பூர்_லேத் | பதிவு 17

அது எண்ணெய்ப் பிரச்சினை இல்லை தம்பி. பிடி பீச் மரம், ஈரத்தில் உப்பி அலகைக் கவ்விக்கொள்கிறது. காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். நேர் வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்ததும் வாசலைனை உருக்கி மூட்டுப் பிளவில் விட்டு, ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டினால் மரம் குடிக்கும். குடித்த மரம் தண்ணீரை அவ்வளவாக ஏற்காது. அப்படியும் இறுகினால் பிளவுக்குள் உப்புத்தாளை மடித்து விட்டு, இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். அதிகம் எடுத்தால் அலகு ஆட ஆரம்பித்துவிடும்.

அதுவரை அவசரத்துக்கு, பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் பின்முனையை மரமேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகு கொஞ்சம் தலை நீட்டும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம். அந்தக் கத்தி பிறந்த சவோய் மலைப்பக்கத்திலும் இப்படித்தான் திறக்கிறார்கள்.